காலேஜ் பொண்ணுங்களுக்கு கோச், பகல்ல டீச்சர்: டர்பன்ல என்கிட்ட அடிக்கடி கேக்குற கேள்விகள்

நான் தென்னாப்பிரிக்கால, டர்பன்ல ஹைஸ்கூல் டீச்சர், சாயந்தரம் யூனிவர்சிட்டி பொண்ணுங்களுக்கு நெட்பால் கோச். கோயில் ஹால்ல பந்தில உக்காந்தாலும் சரி, சாட்ஸ்வர்த் பங்களாதேஷ் மார்க்கெட்ல காய் வாங்கப் போனாலும் சரி, அம்மாமாரும் மேட்ரிக், அதாவது பன்னெண்டாவது முடிக்கப் போற பொண்ணுங்களும் புதுசா கோச்சிங் ஆரம்பிக்கிற தங்கச்சிங்களும் ஒரே சந்தேகத்தத்தான் திரும்பத் திரும்ப கேக்குறாங்க, ஒவ்வொருத்தருக்கும் வாய்ஸ் நோட் அனுப்பிட்டு இருந்தேன், இப்போ எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வச்சுட்டேன். கேள்விங்க அவங்க கேட்ட வார்த்தைலயே இருக்கு.

அக்கா, கோச்சுங்கறது ஒரு வேலையா, இல்ல சாயந்தரம் போய் விசில் ஊதிட்டு வர்றதா?

வேலைதாம்மா. சாயந்தரம் ரெண்டு மணி நேரம் கிரவுண்ட்ல நிக்கிறது வெளில தெரியிற பங்கு மட்டும்தான். அதுக்கு முன்னாடி பிளான் எழுதணும், போன மேட்ச் வீடியோ பாக்கணும், யாருக்கு கணுக்கால் வீங்கியிருக்கு, யாருக்கு நாளைக்கு டெஸ்ட், யாரு ரெஸ்ல, அதாவது யூனிவர்சிட்டி ஹாஸ்டல்ல தங்கி ஒழுங்கா சாப்பிடாம இருக்கா, யாருக்கு என்எஸ்ஃபாஸ்ங்கற அரசு படிப்பு உதவிப் பணம் இன்னும் வரல, இதெல்லாம் தெரிஞ்சு வச்சிருக்கணும். ப்ராக்டிஸ் முடிஞ்சு இருட்டினப்புறம் நம்ம ஊர் ஃபீனிக்ஸ் பக்கம் போற பொண்ணு எந்த டாக்ஸில எப்படி வீட்டுக்குப் போறாங்கறது கூட கோச்சோட கவலைதான்.

பதினெட்டுல இருந்து இருபத்திரண்டு வயசு பொண்ணுங்க இவங்க. வீட்ட விட்டு முதல் தடவையா வெளில வந்திருப்பாங்க. லெக்சரர் முன்னாடி முந்நூறு பேர்ல ஒருத்தி, ஆனா கோச் முன்னாடி பன்னெண்டு பேர்ல ஒருத்தி. அதனால அந்தப் பொண்ண அந்த வருஷம் உண்மைலயே பாக்குற ஒரே பெரியவங்க சில நேரம் கோச்சாத்தான் இருப்பாங்க. நான் இந்த வேலைய டீச்சிங்னு சொல்றது இதனாலதான்.

பி.எட் படிக்கவா, ஸ்போர்ட் சயின்ஸ் படிக்கவா மேம்?

ரெண்டும் நல்ல வழி, ஆனா போய்ச் சேர்ற இடம் வேற. பி.எட் நாலு வருஷம், முடிச்சா ஸ்கூல்ல டீச்சர். வேற டிகிரி ஏற்கனவே இருந்தா பிஜிசிஇங்கற டீச்சிங் படிப்பு ஒரு வருஷம் போதும். ஸ்போர்ட் சயின்ஸ் படிச்சா ஃபிட்னஸ், கண்டிஷனிங், ஜிம், அகாடமி பக்கம். காயம்பட்டவங்கள உடற்பயிற்சி வச்சே தேத்துற பயோகைனடிக்ஸ் வேணும்னா அது தனிப் படிப்பு, ஹெச்பிசிஎஸ்ஏல, அதாவது மருத்துவத் தொழில் கவுன்சில்ல பதிஞ்சாத்தான் தொழில் பண்ண முடியும். நம்ம ஊர்ல க்வாஸூலு-நடால் யூனிவர்சிட்டியோட வெஸ்ட்வில் கேம்பஸ்லயே ஸ்போர்ட் சயின்ஸும் பயோகைனடிக்ஸும் இருக்கு.

என்னக் கேட்டா, நிரந்தர சம்பளம் முக்கியம்னா பி.எட். ஏன்னு சம்பளக் கேள்வில சொல்றேன். ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, பிசிகல் எஜுகேஷன் இங்க தனிப் பாடமா இல்ல. 90கள் கடைசில புது கரிகுலம் வந்தப்போ அதத் தூக்கி லைஃப் ஓரியன்டேஷன்ங்கற வாழ்க்கைத் திறன் பாடத்துக்குள்ள ஒரு பகுதியா வச்சுட்டாங்க. இப்போ கிரேடு 10 முதல் 12 வரைக்கும் வாரத்துல ரெண்டு மணி நேரம் லைஃப் ஓரியன்டேஷன், அதுல ஒரு மணி நேரம் பிசிகல் எஜுகேஷன். வெறும் பிடி டீச்சர்னு போஸ்ட் தேடினா அரசு ஸ்கூல்ல கிடைக்கிறது ரொம்பக் கஷ்டம், அதனால கூட லைஃப் சயின்சஸோ மேத்ஸோ இங்கிலீஷோ ஒரு கனமான பாடம் எடுத்துக்கோங்க. இத நான் எல்லாருக்கும் அழுத்திச் சொல்றேன், ஏன்னா நல்ல பொண்ணுங்க இந்த இடத்துலதான் மாட்டிக்கிறாங்க.

மேத்ஸ் லிட்டரசிதான் எடுத்தேன், போச்சா?

போகல. முழு மேத்ஸுக்குப் பதிலா எடுக்கிற இந்த நடைமுறைக் கணக்குப் பாடத்த பி.எட்டுக்கு பல இடத்துல ஏத்துக்குவாங்க, நீங்க எடுக்கப் போற பாடத்தப் பொறுத்து. சயின்ஸ் டிபார்ட்மென்ட் படிப்புங்களுக்கு பெரும்பாலும் முழு மேத்ஸ் கேப்பாங்க. அந்தந்த யூனிவர்சிட்டி ஹேண்ட்புக்க எடுத்து அந்த வருஷத்து விதியப் பாருங்க, பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னத நம்பாதீங்க. நம்ம மாகாணத்துல அப்ளிகேஷன் சிஏஓங்கற பொது அப்ளிகேஷன் ஆபீஸ் வழியாத்தான் போகுது, கடைசி நாள் வரைக்கும் இழுக்காதீங்க.

பணத்துக்கு என்எஸ்ஃபாஸ் இருக்கு. டீச்சிங்குன்னா ஃபுன்ஸா லுஷாகா பர்சரியும், அதாவது உதவித்தொகையும் இருக்கு, எத்தன வருஷம் பணம் வாங்குறீங்களோ அத்தன வருஷம் அரசு ஸ்கூல்ல வேலை செஞ்சு கொடுக்கணும். டீச்சர் ஆகப் போறவங்களுக்கு அது சுமையே இல்ல.

நான் ப்ராவின்ஸ் கலர்ஸ் கூட வாங்கினதில்ல. என்னை யாரு கோச்சா மதிப்பாங்க?

மாகாண டீம்ல ஆடலன்னாலும் பொண்ணுங்க மதிப்பாங்க, முதல் மாசம் நீங்க எப்படி நடத்துறீங்கன்னு பாத்துட்டு. பெரிய ப்ளேயரா இருந்தா கதவு சீக்கிரம் திறக்கும், அது உண்மை. நம்ம பக்கத்து ஹாமர்ஸ்டேல்ல இருந்து வந்த போங்கிவே ம்சோமி 2019, 2023 ரெண்டு உலகக்கோப்பைலயும் நாட்டுக்கு கேப்டன், ஜோஹன்னஸ்பர்க் யூனிவர்சிட்டி டீமுக்கு கோச்சாவும் இருந்திருக்காங்க. அவங்க பேரச் சொன்னாலே பொண்ணுங்க நிமிர்ந்து உக்காருவாங்க.

ஆனா நல்லா விளையாடத் தெரியிறதும் நல்லா சொல்லிக் கொடுக்கத் தெரியிறதும் வேற வேற திறமை. இயல்பாவே ஆடினவங்களுக்கு தான் எப்படி ஆடினோம்னே சொல்லத் தெரியாது. கஷ்டப்பட்டு கத்துக்கிட்டவங்க ஒவ்வொரு படியையும் ஞாபகம் வச்சிருப்பாங்க. நெட்பால் சவுத் ஆப்பிரிக்காவோட லெவல் ஒன் கோர்ஸ்ல ஆரம்பிங்க, கூடவே அம்பயரிங் கோர்ஸ் பண்ணிடுங்க. அம்பயரிங் படிச்ச கோச்சோட டீம் வீணா பெனால்டி கொடுக்காது, நான் பாத்த வரைக்கும் ரூல் தெரியாம கத்துற கோச்தான் அதிகம்.

நேரா கேக்குறேன் ஆன்ட்டி, சம்பளம் எவ்ளோ வரும்?

நேராவே சொல்றேன். யூனிவர்சிட்டி டீம் கோச்சுங்கள்ல நிறைய பேர் சீசனுக்கு கான்ட்ராக்ட், இல்லன்னா மாசத்துக்கு இவ்ளோன்னு ஒரு தொகை, அவ்ளோதான். பெட்ரோல் காசு போனா கைல பெருசா நிக்காது. முழு நேர போஸ்ட் இருக்கு, ஆனா அது ஸ்போர்ட்ஸ் ஆபீஸ்ல நிர்வாகம், பட்ஜெட், பஸ் புக்கிங் எல்லாம் சேர்ந்த வேலை, அதுவும் காலியாறது அபூர்வம். விளையாட்டுக்குப் பணம் கொட்டுற சில பெரிய யூனிவர்சிட்டிங்க பிரிட்டோரியா, ப்ளூம்ஃபான்டெய்ன், பொட்செஃப்ஸ்ட்ரூம், ஸ்டெலன்போஷ் பக்கம் இருக்கு, அங்க நிலமை நல்லா இருக்கும், ஆனா டர்பன விட்டுப் போகணும்.

அதனாலதான் டீச்சிங் போஸ்ட்ட அடித்தளமா வச்சுக்கோங்கன்னு சொன்னேன். அரசு போஸ்ட்ல இருந்தா மாச சம்பளம், பென்ஷன், மெடிக்கல் எய்டுக்கு உதவி எல்லாம் உண்டு. ஸ்கூல் நிர்வாகக் குழுவே சம்பளம் கொடுக்கிற கவர்னிங் பாடி போஸ்ட்டுன்னா இந்த வசதிங்க ஸ்கூலுக்கு ஸ்கூல் மாறும், கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி கேளுங்க. பகல்ல ஸ்கூல், சாயந்தரம் டீம், சனிக்கிழமை மேட்ச், இதுதான் நம்ம ஊர்ல பெரும்பாலான கோச்சுங்க வாழ்க்கை. களைப்புதான், பொய் சொல்ல மாட்டேன். கான்ட்ராக்ட் எப்பவும் பேப்பர்ல இருக்கட்டும், வாய்ப்பேச்ச நம்பி ஒரு முழு சீசன் உழைச்சுட்டு கடைசில பணத்துக்கு அலைஞ்ச பொண்ணுங்கள எனக்குத் தெரியும்.

போலீஸ் கிளியரன்ஸ், அந்த ஃபார்ம், இந்த ஃபார்ம்னு இத்தன பேப்பர் எதுக்கு?

நம்ம கிட்ட அடுத்தவங்க பிள்ளைங்கள ஒப்படைக்கிறாங்க, அதுக்குத்தான். ஸ்கூல்ல பாடம் எடுக்கணும்னா சேஸ்ல, அதாவது தென்னாப்பிரிக்க கல்வியாளர் கவுன்சில்ல பதிவு கட்டாயம், அதுக்கு போலீஸ் கிளியரன்ஸ் வேணும். பதினெட்டு வயசுக்குக் கீழ இருக்கிறவங்களோட வேலை செய்யிறவங்க பேர் சைல்ட் ப்ரொடெக்ஷன் ரெஜிஸ்டர்ல இருக்கான்னு வேலை கொடுக்கிறவங்க சரிபாக்கணும், அதுக்குத்தான் அந்த ஃபார்ம். செக்ஷுவல் அஃபென்டர்ஸ் ரெஜிஸ்டர் வேற தனியா இருக்கு.

“நான் யூனிவர்சிட்டி டீம்தானே, எல்லாரும் மேஜர்தானே”ன்னு ஒரு தங்கச்சி கேட்டா. முதல் வருஷத்துல பதினேழு வயசு பொண்ணுங்க வருவாங்கம்மா, லீவுல ஸ்கூல் பிள்ளைங்களுக்கு பயிற்சி முகாம் நடத்தச் சொல்வாங்க. எல்லாத்தையும் எடுத்து ஒரு ஃபைல்ல போட்டு வச்சுக்கோங்க, பேப்பர் வர்றதுக்கு வாரக்கணக்குல ஆகும்.

நெட்பால் என்ன பெரிய கேம், கூடைப்பந்துல பந்தத் தட்டிட்டு ஓடத் தெரியாதவங்க ஆடுறதுதானே?

இத ஒரு தாத்தா கேட்டார், மரியாதையாவே பதில் சொன்னேன். ஏழு பேர், பதினஞ்சு நிமிஷம் வீதம் நாலு குவார்ட்டர். பந்து கைக்கு வந்தா மூணு செகண்டுக்குள்ள விட்டாகணும், ஓட முடியாது, தட்டிட்டுப் போக முடியாது. யார் எந்தப் பகுதிக்குள்ள போகலாம்னு மார்ல இருக்கிற பிப் எழுத்து சொல்லும். கோல் ஷூட்டர், கோல் அட்டாக் ரெண்டு பேர் மட்டும்தான் கோல் போடலாம், 3.05 மீட்டர் உயரத்துல வளையம், பின்னாடி போர்டு கிடையாது. தடுக்கிறவ 0.9 மீட்டர் தள்ளி நிக்கணும். இத்தன கட்டுப்பாட்டுக்குள்ள மூணு செகண்ட்ல முடிவெடுக்கிறதுங்கறது மூளை வேலை தாத்தா.

நம்ம நாட்டுக்கு இதுல ஒரு தனிக் கதையும் இருக்கு. 1967 உலகப் போட்டில மூணாவது இடம், அப்புறம் நிறவெறி ஆட்சியால வெளில நிக்க வச்சாங்க, திரும்பி வந்த 1995லயே ஃபைனல் வரைக்கும் போனோம். 2019 லிவர்பூல்ல நாலாவது. 2023 உலகக்கோப்பை கேப் டவுன்ல நடந்துச்சு, ஆப்பிரிக்கா மண்ணுல அதுதான் முதல் தடவை. நாம ஆறாவதுதான் வந்தோம், ஃபைனல்ல ஆஸ்திரேலியா 61-45னு இங்கிலாந்த ஜெயிச்சுது. ஆனா அந்த வருஷத்துக்கு அப்புறம் என் ட்ரையல்ஸ்க்கு வர்ற பொண்ணுங்க கூட்டம் கண்கூடாவே கூடிச்சு.

நம்ம பாட்டிமார் காலத்துல இந்தியப் பொண்ணுங்க விளையாடுனாங்களா, இல்ல இதெல்லாம் இப்போ வந்த நாகரிகமா?

விளையாடுனாங்க. இதுக்கு கொஞ்சம் நீளமா பதில் சொல்றேன், ஏன்னா நம்ம பிள்ளைங்களுக்கு இது யாரும் சொல்றதில்ல. 1860ல ட்ரூரோ கப்பல்ல மெட்ராஸ்ல இருந்து வந்து கரும்புத் தோட்டத்துல இறங்கினவங்க வம்சம் நாம. பொண்ணுங்கள ஸ்கூலுக்கு அனுப்பவே ரொம்ப காலம் ஆச்சு, வயசுக்கு வந்தா நிறுத்திடுவாங்க. அதத் தாண்டி ஸ்கூலுக்குப் போனவங்க அங்க நெட்பால் ஆடினாங்க, ஓடினாங்க, பல வீட்ல ஆயாமார்கிட்ட கேட்டா பழைய டீம் போட்டோ அலமாரில இருந்து வெளில வரும்.

அப்புறம் குரூப் ஏரியாஸ் சட்டம் 1950ல வந்துச்சு, ஜனங்கள வீட்டோட பேத்து சாட்ஸ்வர்த்துக்கும் பிறகு ஃபீனிக்ஸ்க்கும் தள்ளினாங்க. வெள்ளைக்காரங்க ஸ்கூலுக்கு புல் மைதானமும் நீச்சல் குளமும், நமக்கு மண் தரை. இந்தியர்களுக்குன்னு தனி யூனிவர்சிட்டி காலேஜ 1961ல சால்ஸ்பரி தீவுல ஒரு பழைய கடற்படை முகாம்ல ஆரம்பிச்சாங்க, அதுதான் பிறகு வெஸ்ட்வில்லுக்கு மாறி டர்பன்-வெஸ்ட்வில் யூனிவர்சிட்டி ஆச்சு, 2004ல நடால் யூனிவர்சிட்டியோட இணைஞ்சு இப்போ இருக்கிற பேர் வந்துச்சு.

1973ல சாகோஸ், அதாவது தென்னாப்பிரிக்க விளையாட்டு கவுன்சில் வந்துச்சு. இயல்பா இல்லாத சமுதாயத்துல இயல்பான விளையாட்டு கிடையாதுங்கறதுதான் அவங்க கொள்கை. அரசாங்கம் ஏற்பாடு பண்ற போட்டில ஆடினா சாகோஸ் போட்டில ஆட முடியாது. கரீஸ் ஃபவுண்டன் மைதானத்துல நம்ம ஆளுங்க ஆடினதும் கூடினதும் அந்தக் காலம். திறமை இருந்தும் நாட்டுக்காக ஆடாமலேயே போனவங்க ஒரு தலைமுறையே இருக்காங்க, ஆணும் பொண்ணும். பேத்தி ட்ரையல்ஸ்க்கு வரும்போது கூட வந்து ஓரமா சேர் போட்டு உக்காந்திருக்கிற ஆயாவப் பாத்தா நான் போய் பேசாம இருக்க மாட்டேன். இத நாகரிகம்னு யாராவது சொன்னா எனக்குக் கோவம் வரும்.

புரட்டாசி விரதம் இருக்கா, காவடிக்கும் விரதம். ப்ராக்டிஸ் நிறுத்தணுமா?

நிறுத்த வேண்டாம், ஆனா கோச்சுக்குச் சொல்லணும். புரட்டாசி மாசம் கறி மீன் இல்லாம இருக்கிறதால ஆட்டம் குறையாது, சாப்பாட்ட யோசிச்சு சாப்பிட்டா. பருப்பு, சுகர் பீன்ஸ், சோயா, தயிர், பீனட் பட்டர், கீரை, எல்லாம் நம்ம வீட்லயே இருக்கிறதுதான். பிரச்சினை என்னன்னா விரதம்னு சொல்லிட்டு ரொட்டியும் உருளைக்கிழங்கும் சிப்ஸும் மட்டுமே சாப்பிட்டு வர்ற பொண்ணுங்க. பெரிய பொண்ணுங்களுக்கு ஒரு நாளைக்கு 18 மில்லிகிராம் இரும்புச்சத்து வேணும்னு சொல்வாங்க, ஆம்பளைங்களுக்கு 8 போதும். பருப்பு, கீரைல இருக்கிற இரும்பு உடம்புல சேரணும்னா கூட எலுமிச்சையோ தக்காளியோ ஆரஞ்சோ இருக்கணும். சாப்பிட்ட உடனே டீ குடிக்கிற நம்ம பழக்கம் அதக் கெடுக்கும், ஒரு மணி நேரம் தள்ளிக் குடிங்க.

தைப்பூசம் வர்றது ஜனவரி, பிப்ரவரில, டர்பன் வெயிலும் புழுக்கமும் உச்சத்துல இருக்கிற நேரம், நம்ம டீமுக்கு ப்ரீ-சீசன் ஓட்டமும் அப்போதான். காவடி எடுக்கிற அன்னைக்கும் அடுத்த நாளும் நான் ஓட விட மாட்டேன். தண்ணி கூட குடிக்காம இருக்கிற விரதம்னா அன்னைக்கு வந்து உக்காந்து பிளான் பேசலாம், அவ்ளோதான். ரமலான்ல நோன்பு இருக்கிற பொண்ணுங்களுக்கும் இதே மரியாதை, நோன்பு திறந்தப்புறம் ஜிம் நேரம் மாத்திக் கொடுப்பேன். சாமி முக்கியமா டீம் முக்கியமான்னு ஒரு பொண்ணை நிறுத்தி வச்சுக் கேக்குற கோச் தப்பு பண்றாங்க, தேதி பாத்து பிளான் போட்டா அந்தக் கேள்வியே வராது.

பீரியட்ஸ் நேரத்துல விளையாடலாமா? வீட்ல வேண்டாங்கறாங்க.

உடம்பு ஒத்துழைச்சா தாராளமா விளையாடலாம், உள்ளுக்குள்ள எதுவும் கெட்டுப் போகாது. வலி அதிகமா இருக்கிற பொண்ணு அன்னைக்கு வேகத்தக் குறைச்சுக்கலாம், சொல்றதுக்கு வெக்கப்படக் கூடாது. எங்க கிட் பேக்ல பேட் எப்பவும் இருக்கும், யாரும் யாரையும் கேக்க வேண்டாம், எடுத்துக்கலாம்.

எனக்குக் கவலை வர்றது வேற இடத்துல. பீரியட்ஸ் நின்னே போச்சு, நல்லதுதான், தொல்லை இல்லன்னு ஒரு பொண்ணு சொன்னா நான் அப்படியே விட மாட்டேன். பயிற்சிக்கு ஏத்த சாப்பாடு இல்லன்னா உடம்பு மிச்சம் பிடிக்க இந்த வேலையத்தான் முதல்ல நிறுத்தும், கூடவே எலும்பும் பலவீனமாகும், கால்ல ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் வரும். மூணு மாசம் தொடர்ந்து வரலன்னா டாக்டர்கிட்ட போகணும். மெலிஞ்சா வேகம் வரும்னு எந்தக் கோச்சாவது சொன்னா அந்தப் பேச்சக் கேக்காதீங்க. மேல இரும்புச்சத்து பத்தி சொன்னதும் இதுக்குச் சேரும்.

நெட்பால்னாலே முட்டி போயிடும்னு பயமுறுத்துறாங்களே?

பயத்துக்குக் காரணம் இருக்கு. பந்தப் பிடிச்சு ஊனின காலத் தூக்கிட்டா, பந்த விடாம அதத் திரும்ப ஊனக் கூடாதுங்கற ரூல்னால முழு வேகத்துல வர்றவ சட்டுன்னு நிக்கணும், முட்டிக்குள்ள இருக்கிற ஏசிஎல் நார் கிழியிறது அந்த நிமிஷத்துலதான். ஆம்பளைங்கள விட பொண்ணுங்களுக்கு இது அதிகமா வருது. ஆபரேஷன் ஆனா ஒன்பது மாசத்துக்குக் குறையாம வெளில.

ஆனா குறைக்க முடியும். குதிச்சு இறங்கும்போது முட்டிய உள்பக்கம் மடங்க விடாம, இடுப்ப மடக்கி மெதுவா இறங்கப் பழக்கணும், தொடையோட பின்பக்க தசைய வலுவாக்கணும். வாரம் ரெண்டு மூணு தடவை இருபது நிமிஷ வார்ம்-அப்புல இதெல்லாம் வந்துடும். மேட்ச் நாள்ல லேட் ஆச்சுன்னு முதல்ல வெட்டுறது வார்ம்-அப்பத்தான், அதப் பண்ணாதீங்க. சிமெண்ட் கோர்ட்ல தேஞ்ச ஷூ போட்டு ஆட விடாதீங்க.

கோச் ஆம்பளையா இருந்தா என் பொண்ண டூருக்கு அனுப்பலாமா?

ஆம்பளையா பொம்பளையாங்கறத விட டீம் எப்படி நடக்குதுங்கறதப் பாருங்க. பொண்ணுங்க டீமோட ஒரு பொம்பள மேனேஜர் போறாங்களா? ரூம் யாரு யாரோட? கோச் ஒரு பொண்ணுக்குத் தனியா ராத்திரில மெசேஜ் அனுப்புறாரா, இல்ல எல்லாம் குரூப்ல வருதா? ஃபிசியோ பாக்கும்போது கதவு திறந்திருக்கா, இன்னொருத்தர் கூட இருக்காங்களா? இதக் கேட்டா கோவப்படுற கோச் கிட்ட பொண்ண விடாதீங்க. நல்ல கோச் நீங்க கேக்குறதுக்கு முன்னாடியே மீட்டிங் போட்டுச் சொல்லிடுவாங்க. பொம்பள கோச்சுக்கும் இதே விதிதான், எனக்கும் சேத்துத்தான். பேப்பர்ஸ் கேள்வில சொன்னதெல்லாம் சரியா இருக்கான்னு நிர்வாகத்துக்கிட்ட கேக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

பெரிய போஸ்ட்டெல்லாம் ஆம்பளைங்களுக்குத்தானே போகுது, நான் ஏன் கஷ்டப்படணும்?

நிறைய இடத்துல அப்படித்தான் இருந்துச்சு, இன்னும் இருக்கு. ஆனா பாருங்க, பன்யானா பன்யானாங்கற நம்ம நாட்டுப் பொண்ணுங்க ஃபுட்பால் டீம் 1993ல ஆரம்பிச்சப்போ முதல் டீம்ல ஆடின டெசிரே எலிஸ், கேப்டன் ஆகி, பிறகு அதே டீமுக்கு கோச் ஆகி, 2022ல ஆப்பிரிக்கக் கோப்பைய வாங்கிக் கொடுத்தாங்க, 2023 உலகக்கோப்பைல இத்தாலிய 3-2ன்னு ஜெயிச்சு நாக்அவுட் வரைக்கும் கூட்டிட்டுப் போனாங்க. யூனிவர்சிட்டி நெட்பால்ல கோச்சா பேர் வாங்கின ஜென்னி வான் டைக் பிறகு தேசிய நெட்பால் டீம் கோச் ஆனாங்க. வார்சிட்டி நெட்பால்னு டிவில வர்ற போட்டி 2013ல ஆரம்பிச்சதுல இருந்து காலேஜ் கோச்சுங்க முகம் வெளில தெரியுது, அது பெரிய மாற்றம்.

குழந்தை பொறந்தா என்ன ஆகும்னும் இதோட சேத்துக் கேப்பாங்க. வேலை செய்யிற அம்மாவுக்கு லீவ் சட்டத்துல இருக்கு, யுஐஎஃப்ங்கற அரசு வேலையில்லா காப்பீடு கட்டியிருந்தா அதுல பணம் கேக்கலாம். ஆனா சீசன் கான்ட்ராக்ட்ல இருக்கிற கோச்சுக்கு லீவ் முடிஞ்சு வரும்போது கான்ட்ராக்ட்டே முடிஞ்சிருக்கும், அங்கதான் நிறைய பொண்ணுங்க விட்டுப் போறாங்க. சம்பளக் கேள்வில சொன்ன அந்த ஸ்கூல் போஸ்ட் இந்த நேரத்துல உங்களத் தாங்கும். ப்ராக்டிஸ்க்கு குழந்தையத் தூக்கிட்டு வாங்கன்னுதான் நான் என் அசிஸ்டன்ட்டுக்குச் சொல்லியிருக்கேன்.

பெஸ்ட் ப்ளேயர் செமஸ்டர்ல ஃபெயில். சனிக்கிழமை செமிஃபைனல். இறக்குவீங்களா?

முதல்ல போட்டி விதி. ரெஜிஸ்டர் ஆன ஸ்டூடன்ட்டா இருக்கணும், பாஸ் பண்ண வேண்டிய அளவு பாஸ் பண்ணியிருக்கணும், அதுல இடிச்சா பேச்சே இல்ல. விதி அனுமதிச்சாலும், டெஸ்ட் இருந்த வாரம் ப்ராக்டிஸ் பேர சொல்லி படிக்காம இருந்தவள நான் இறக்க மாட்டேன், தோத்தாலும் சரி. ஆனா ராத்திரி கடைல வேலை பாத்து வீட்டுக்குப் பணம் அனுப்புறதால ஃபெயில் ஆனவளுக்கு பெஞ்ச் தண்டனை கொடுத்து என்ன பண்றது, அவளுக்கு வேண்டியது ட்யூட்டரும் பர்சரி ஃபார்மும். காரணம் தெரியாம முடிவெடுக்காதீங்க.

அமெரிக்கால டென்னசி யூனிவர்சிட்டில பேட் சம்மிட்னு ஒரு பாஸ்கெட்பால் கோச் இருந்தாங்க. 1974ல இருந்து 38 சீசன், 1,098 வெற்றி, 8 தேசியப் பட்டம். ஆனா எனக்கு அவங்களப் பிடிச்சது வேற விஷயத்துக்கு: அவங்க கிட்ட முழுசா ஆடி முடிச்ச பொண்ணுங்க எல்லாருமே டிகிரி வாங்கிட்டுத்தான் போனாங்க. கிளாஸ்ல முன் வரிசைங்கள்லதான் உக்காரணும்னு அவங்க டீம்ல விதி. அது அங்க, பணமும் ஸ்காலர்ஷிப்பும் இருக்கிற இடம். இங்க நம்மகிட்ட அவ்ளோ இல்ல, ஆனா திங்கக்கிழமை ப்ராக்டிஸ்க்கு முன்னாடி ஒரு மணி நேரம் லைப்ரரில டீமா உக்காந்து படிக்கிறதுக்குப் பணம் எதுவும் வேண்டாம், நாங்க அதத்தான் பண்றோம்.

“வீட்ல யாருக்கும் சொல்லாதீங்க கோச்”னு ஒரு பொண்ணு பெரிய விஷயம் சொன்னா என்ன பண்றது?

புதுசா வர்ற கோச்சுங்க இதக் கேக்கும்போது குரலத் தாழ்த்திக்குவாங்க. சீக்கிரமோ லேட்டோ எல்லாருக்கும் இது வரும். யாருக்கும் சொல்ல மாட்டேன்னு முன்கூட்டியே சத்தியம் பண்ணாதீங்க. “உன் உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்துன்னா நான் உதவி கேப்பேன், மத்தது உன்னோடது”ன்னு முதல்லயே சொல்லிடுங்க, அதுக்கப்புறமும் பெரும்பாலும் அவங்க சொல்லத்தான் செய்வாங்க.

பதினெட்டு வயசுக்குக் கீழ இருக்கிற பொண்ண யாராவது அடிக்கிறாங்க, தொடக்கூடாத விதமா தொடுறாங்கன்னு தெரிஞ்சா டீச்சருக்கு வேற வழியே இல்ல, சில்ட்ரன்ஸ் ஆக்ட் படி சோஷியல் வெல்ஃபேருக்கோ போலீஸுக்கோ சொல்லியே ஆகணும், சொந்தக்காரங்க வந்து கெஞ்சினாலும், ஊர் பேச்சு வரும்னு பயமுறுத்தினாலும். பதினெட்டு தாண்டினவங்கன்னா முடிவு அவங்களோடது, அவங்க சம்மதிச்சா கூடப் போய் நில்லுங்க, ஸ்டூடன்ட் கவுன்சிலிங்குக்கோ கிளினிக்குக்கோ ஸ்டேஷனுக்கோ. காதல், கல்யாணப் பேச்சு, படிப்ப மாத்தணும்ங்கற மாதிரி விஷயம்னா வீட்டுக்கு ஃபோன் போடாதீங்க, அந்தப் பொண்ணு கேட்டா மட்டும் அம்மாகிட்ட பேச கூட வாங்க. அவ சொன்னத அன்னைக்கே தேதியோட எழுதி வச்சுக்கோங்க, உங்க கருத்து எதுவும் சேக்காம.

சைல்ட்லைன் நம்பர் 116. பொம்பளைங்க மேல வன்முறைன்னா 0800 428 428, இருபத்திநாலு மணி நேரமும் எடுப்பாங்க, காசு இல்ல. ரெண்டையும் சேஞ்ச் ரூம் கதவோட உள்பக்கம் ஒட்டி வைங்க, வெளிப்பக்கம் வேண்டாம், அங்க நின்னு யாரும் எழுதிக்க மாட்டாங்க.